வாய் திறக்காமல் தள்ளிய என்ஜின்

நாலு ஆண்பிள்ளைகள் உயிரைக் கொடுத்துத் தள்ளுகிறார்கள். கால் சறுக்குகிறது. கழுத்து நரம்பு புடைக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கிற எனக்கே தெரிகிறது. ஆனால் ஒருத்தர் வாயிலிருந்தும் சின்னச் சத்தம்கூட வரவில்லை.

ஆவடி ரயில் யார்டில் உச்சி வெயில். என் கையில் சாப்பாட்டுக் கேரியர், கைப்பிடி சுடுகிறது. எதிரே வட்டமான பெரிய குழி. குழியின் குறுக்கே ஒரு இரும்புப் பாலம், பாலத்தின் மேல் ஒரு கரி என்ஜின், என்ஜினில் என் வீட்டுக்காரர். குழிக்கு அந்தப் பக்கம் தொப்பி வைத்த ரயில்வே இன்ஸ்பெக்டர் துரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

அன்றைக்கு என் வீட்டுக்காரருக்குப் பரீட்சை. பயர்மேனாக இருக்கிறவர் டிரைவர் ஆவதா, அல்லது உடம்பு ஓய்கிறவரைக்கும் கரியை அள்ளிப் போட்டுக்கொண்டே இருப்பதா என்று அந்தக் குழியருகில்தான் முடிவாக வேண்டும். ஏற்கெனவே ஒரு தடவை தோற்றவர். இந்தத் தடவையும் தோற்றால் மறுபடி கூப்பிட மாட்டார்கள்.

என்ஜின் நகரவில்லை. ஐயோ, நகரவே இல்லை!

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திவிட்டு மற்றதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் போன வாரம் குழாயடிச் சண்டையை எழுதியபோது கேட்டமாதிரி, "தலையும் புரியல, வாலும் புரியல" என்று என் மகனே கேட்பான். அவன் கிடக்கிறான். ஆனால் நீங்கள் கேட்டால் எனக்கு மனசு தாங்காது.

ராட்டினம்

கள்ளிக்குப்பத்தில் ஏரிப் பாய்ச்சல் நிலம் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவள் நான். ரயிலை ஏரிக்கரையிலிருந்து பார்த்ததோடு சரி. கல்யாணமாகி ஆவடி குவார்ட்டர்ஸுக்கு வந்த புதிதில், பக்கத்து வீட்டுப் பெண், "வா, ராட்டினம் பாக்கலாம்" என்று கூப்பிட்டாள். திருவிழாவாக்கும் என்று நல்ல புடவை கட்டிக்கொண்டு கிளம்பினேன். அவள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியது இந்தக் குழியை. எனக்கு வந்த கோபத்தில் அவளோடு ரெண்டு நாள் பேசவில்லை.

குவார்ட்டர்ஸ் பெண்கள் எல்லோருக்கும் அது ராட்டினம்தான். ஆண்பிள்ளைகள் டர்ன்டேபிள் என்பார்கள். அவசரத்தில் வெறும் டேபிள்.

என்ஜினுக்கு முன்பக்கம், பின்பக்கம் உண்டு. வந்த வழியே திரும்பிப் போக வேண்டுமானால் முகத்தைத் திருப்பியாக வேண்டும். திருப்பாமல் பின்பக்கமாகவே ஓட்டலாம், ஓட்டியும் இருக்கிறார்கள். அப்படி ஓட்டினால், பின்னால் கரியும் தண்ணீரும் ஏற்றிய டெண்டர் என்கிற பெட்டி முன்னால் வந்துவிடும். காற்றில் கரித்தூள் முழுக்க டிரைவர் கண்ணில் விழும். அப்படி வந்த நாட்களில் இவர் கண்ணை நான் விளக்கெண்ணெய் விட்டுத் துடைத்திருக்கிறேன். பஞ்செல்லாம் மை.

அதற்காகத்தான் இந்த ராட்டினம். என்ஜினை மெதுவாகப் பாலத்தின் மேல் ஏற்றுவார்கள். பாலத்துக்கு நடுவில் ஒரு முளை. பாலத்தின் ரெண்டு முனையிலும் நீட்டிக்கொண்டிருக்கிற கழியில் தோள் கொடுத்து ஆட்கள் தள்ளுவார்கள். பாலம் என்ஜினோடு சுற்றும். மேற்கே பார்த்த என்ஜின் கிழக்கே மெட்ராஸைப் பார்க்கும்.

அவ்வளவு பெரிய இரும்பை நாலு பேர் தள்ள முடியுமா என்று கேட்பீர்கள். முடியும். என்ஜினின் பாரம் அந்த நடு முளையின் மேல் சரியாக உட்கார வேண்டும், அவ்வளவுதான். கொஞ்சம் முன்னே பின்னே நின்றாலும் பாலத்தின் ஒரு முனை அழுந்திக்கொள்ளும். பிறகு நாலு பேர் இல்லை, ஊரே வந்தாலும் முக்க வேண்டியதுதான். சரியான இடத்தில் கொண்டுவந்து நிறுத்துவது டிரைவர் வேலை. டெண்டரில் தண்ணீர் கூடினால் அந்த இடம் மாறும், கரி குறைந்தால் மாறும். தினம் ஒரு இடம்!

மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் தேங்கித் தவளை கத்தும். அது உலகச் சண்டைக் காலம். பட்டாளத்துக் கிடங்குக்கு ராவும் பகலும் சாமான் வண்டி வரும், லாரிகள் வரிசைகட்டி நிற்கும், வெள்ளைக்கார சிப்பாய்கள்கூட வேலியில் சாய்ந்து ராட்டினம் சுற்றுவதை வேடிக்கை பார்ப்பார்கள். அந்தக் கரிப்புகை வாசனை இப்போது எங்காவது வந்தால், நான் செய்கிற வேலையை விட்டுவிட்டு நின்றுவிடுகிறேன். வீட்டில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். நான் மட்டும் மூச்சை இழுத்து இழுத்து விடுவேன். சிரித்தால் சிரிக்கட்டும்.

வலது தோள்

பயர்மேன் வேலை என்றால் ஷவல் என்கிற அகலக் கரண்டியால் கரியை அள்ளி நெருப்புக்குள் வீசுவது. ஆடுகிற வண்டியில் நின்றுகொண்டு, முகத்துக்கு நேரே அனல் அடிக்க, ஓயாமல் வீச வேண்டும்.

என் வீட்டுக்காரருக்கு வலது தோள் இறங்கிப்போயிருந்தது. தலைக்கு எண்ணெய் வைத்தால் தானாக வாரிக்கொள்ள முடியாது, கை காதுக்கு மேலே எழும்பாது. நான்தான் வாரிவிடுவேன். வெளியே யாருக்கும் தெரியக்கூடாது என்று கதவைச் சாத்திவிட்டுத்தான் உட்காருவார். தெரிந்தால் வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதிவிடுவார்களே என்ற பயம்.

"டிரைவர் ஆயிட்டா கைய மேல தூக்க வேணாம்மே. ரெகுலேட்டரப் புடிச்சிகினு நின்னா போதும்" என்பார். ரெகுலேட்டர் என்பது நீராவியைக் கூட்டிக் குறைக்கிற கைப்பிடி.

"ஆவு, ஆவு. யாரு வேணாம்னாங்க?" என்று மட்டும் சொல்வேன். உள்ளுக்குள் எனக்கு வேறு நினைப்பே கிடையாது. பூந்தமல்லி பக்கம் போனால் அங்கே வேண்டிக்கொள்வேன், பாடிக் கோயில் பக்கம் போனால் அங்கே வேண்டிக்கொள்வேன். சம்பளம் கூடுமே என்று இல்லை. அந்த ஷவலை அவர் கையிலிருந்து யாராவது வாங்கிக் கீழே வைத்துவிட வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

ஐலசா

டேபிள் தள்ளுகிறவர்கள் சும்மா தள்ள மாட்டார்கள். மேஸ்திரி கன்னியப்பன் பாட்டில் ஒரு அடி எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் "ஐலசா" போடுவார்கள். பூந்தமல்லியிலிருந்து சைக்கிளில் வருகிற காதர் பாய் குரல்தான் எல்லோரையும் மிஞ்சும்.

பாரம் தப்பான இடத்தில் உட்கார்ந்திருந்தால் மூச்சு தள்ளுவதற்கே போதாது. வெறும் "ஐல...சா" மட்டும் முக்கலும் முனகலுமாக வரும். பாரம் சரியாக உட்கார்ந்துவிட்டால் மூச்சு மிஞ்சும். மிஞ்சுகிற மூச்சில் கிண்டல் வரும். "பாய் ஊட்டு பிரியாணி, ஐலசா! பாதி எலும்பு, ஐலசா!" என்று மேஸ்திரி எடுத்துவிட, காதர் பாய் சளைக்காமல், "மேஸ்திரி தொப்ப, ஐலசா! மேடு தட்டுது, ஐலசா!" என்று திருப்பிக் கொடுப்பார். சில சமயம் குவார்ட்டர்ஸ் பெண்களையும் இழுப்பார்கள். நாங்கள் வேலிக்கு வெளியே நின்று கையை ஓங்குவோம்.

என்ஜினுக்குள் நிற்கிறவருக்கு முன்னால் பாய்லர் மறைக்கும், பின்னால் டெண்டர் மறைக்கும். முனை அழுந்துகிறதா என்று எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அவருக்குக் காதுதான் கண். வெறும் முனகல் வந்தால் என்ஜினை ஒரு சாண் நகர்த்திப் பார்ப்பார். பாட்டில் பேச்சு வந்தால் பிரேக்கை இறுக்கிவிட்டு நிம்மதியாக நிற்பார். எந்தப் புத்தகத்திலும் இது இல்லை. எல்லா டிரைவரும் அப்படித்தான் செய்தார்கள்.

கற்பூரம்

முதல் தடவை பரீட்சையில் என்ஜின் கொஞ்சம் தள்ளி நின்றுவிட்டது. இவர்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். துரை காதைப் பொத்திக்கொண்டு, "என்னா மேன் இப்படி கத்துறான்!" என்று சொல்லிவிட்டு, பெயில் போட்டுவிட்டுப் போனார்.

மேஸ்திரி கன்னியப்பன் அதை மனசில் போட்டு உருட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். நாம் கத்தியதால்தான் அண்ணாத்தைக்குப் பரீட்சை போச்சு என்று முடிவு கட்டிவிட்டார். இந்தத் தடவை காலையிலேயே நாலு பேரும் யார்டு ஓரத்து முனீஸ்வரன் கல்லுக்கு முன்னால் கூடி, கற்பூரம் கொளுத்தி, டேபிள் ஒரு சுத்து சுத்தி முடிகிறவரைக்கும் யாரும் வாயைத் திறப்பதில்லை என்று அடித்துச் சத்தியம் செய்துவிட்டார்கள். காதர் பாயும்தான். "ஒங்க சாமி மேல நா எப்படி அடிக்கறது? நா எங்க அல்லா மேல ஆணையா வாயத் தொறக்க மாட்டேன்" என்று தன் கணக்கில் தனியாக ஒரு சத்தியம் செய்திருக்கிறார். என் வீட்டுக்காரரிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாராம்.

பாசம்தான். ஆனால் அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாதே!

வேலிக்கு இந்தப் பக்கம்

இப்போது அந்த உச்சி வெயிலுக்கு வாருங்கள்.

துரை வேண்டுமென்றே டெண்டரில் தண்ணீரை முட்ட முட்ட நிரப்பச் சொல்லியிருந்தார். அதனால் பாரம் பின்பக்கம் சாய்ந்துவிட்டது. இவர் குத்துமதிப்பாக ஒரு இடத்தில் நிறுத்தி, காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறார். கீழே சத்தமே இல்லை.

"மேஸ்திரீ! இன்னா, கனமா கீதா?" என்று மேலேயிருந்து கேட்டார்.

மேஸ்திரி அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். தைரியம் சொல்கிறாராம்!

"லேசாத்தான் கீதா?"

அதற்கும் ஒரு சிரிப்பு. இவர் முகம் வெளிறிவிட்டது. எந்தப் பக்கம் நகர்த்துவது என்று தெரியாமல் ரெகுலேட்டரில் கை வைத்தபடி நிற்கிறார். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. கேரியரை மண்ணில் வைத்துவிட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"யோவ் மேஸ்திரி! வாய்ல இன்னா கொயுக்கட்டையா வெச்சிகினு கீறே? பாய், நீயாவது சொல்லேன்! எல்லாரும் சேந்து அந்த மனுசன் குடியக் கெடுக்கறீங்களே!"

காதர் பாய் பரிதாபமாக என்னைப் பார்த்தார். வாயைத் தொட்டுக் காட்டினார், வானத்தைக் காட்டினார். மேஸ்திரி உள்ளங்கையில் ஓங்கி அடித்து, சத்தியம் செய்கிறமாதிரி காட்டினார். எனக்குப் புரிந்துவிட்டது. அடப் பாவிகளா!

அவர்கள்தான் சத்தியம் செய்திருக்கிறார்கள். நான் செய்யவில்லையே. வெட்கம், மானம் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு, இருக்கிற தொண்டையெல்லாம் திறந்தேன்.

"யோவ், கனமா கீதுய்யா! கால் சறுக்குது, நவுரவே இல்ல!"

இவர் திரும்பிப் பார்த்தார். ஒரு சாண் பின்னால் நகர்த்தினார்.

"இன்னும் கனம்! அய்யய்யோ, பாய்க்குக் கண்ணு பிதுங்குது!"

முன்னால் நகர்த்தினார். "புஸ்" என்று ஒரே ஒரு மூச்சு விட்டது என்ஜின். கொஞ்சம், இன்னும் கொஞ்சம்.

"போதும், போதும்! நவுருது!"

நகர்ந்தது. முதலில் ஒரு விரற்கடை, பிறகு ஒரு முழம். அப்புறம் அந்தப் பெரிய உருவம் தொட்டில்போலச் சுற்ற ஆரம்பித்துவிட்டது. நாலு பேரும் ஓடாத குறையாகத் தள்ளினார்கள். நான்தான் வேலிக்கு வெளியே நின்று "ஐலசா" போட்டேன். பட்டாளத்து லாரிக்காரன் ஒருவன் வண்டியை நிறுத்திவிட்டுக் கைதட்டினான்.

துரையின் கேள்வி

பாலம் சுற்றி முடிந்து பூட்டு விழுந்தது. துரை நேராக என்ஜினுக்கு வந்தார்.

"யார் மேன் அந்த பொம்பளே?"

"நானே குனிஞ்சி பாத்து எடம் கண்டுபுடிச்சேன் சார்" என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? என் வீட்டுக்காரர் கீழே இறங்கி, இறங்கிப்போன தோளோடு நேராக நின்றுகொண்டு சொன்னார்.

"எம் பொஞ்சாதி சார். தனபாக்கியம். அது சொல்லித்தான் சார் எடத்தப் புடிச்சேன்."

கல்யாணமான நாளிலிருந்து "இன்னாம்மே", "இந்தாம்மே" தவிர அவர் வாயில் என் பேர் வந்ததில்லை. அத்தனை பேருக்கு நடுவில் அதைக் கேட்டதும் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். வேலை போனாலும் போகட்டும் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றிவிட்டது, கிறுக்கு மாதிரி!

துரை இடுப்பில் கை வைத்தார். "சரி. அரக்கோணத்திலே உன் பொஞ்சாதி வந்து கத்துமா?"

"எங்க போனாலும் தள்ளுறவன் கத்துவான் சார். இன்னிக்கு இவனுங்க ஏன் கத்தலன்னுதான் தெரியல."

துரை மேஸ்திரி பக்கம் திரும்பினார். சுத்து முடிந்துவிட்டதால் மேஸ்திரிக்கு இப்போது வாய் வந்துவிட்டது. "போன தபா கத்தனதாலதான துரை பெயில் போட்டீங்க? அதான் கற்பூரம் அடிச்சி வாயக் கட்டிகினோம்."

துரை தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். "கத்துனதுக்கு இல்லே மேன், முட்டாள்! கனத்துக்கு! கனமா நிறுத்தினான், பெயில் போட்டேன்!"

நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். துரை சிரிக்கவில்லை. ஆனால் விட்டுவிட்டும் போகவில்லை.

"இந்தச் சுத்து கணக்கில்லே. டெண்டர்லேருந்து பாதி தண்ணி இறக்கு. மறுபடி வை. நீங்க எப்பவும்போல தள்ளு, எப்பவும்போல கத்து." பிறகு என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். "அந்த அம்மா இங்கே நிக்கக் கூடாது. தூரப் போ!"

கரிக் குவியலுக்குப் பின்னால்

என்னை ஒரு காவல்காரன் கூட்டிக்கொண்டு போய்க் கரிக் குவியலுக்குப் பின்னால் நிறுத்தினான். ஆள் உயரத்துக்கு மேலே கரி. குழியும் தெரியவில்லை, என்ஜினும் தெரியவில்லை. கேரியரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் இறங்குகிற சத்தம் கேட்டது, நின்றது. என்ஜின் மெதுவாக ஊர்ந்து பாலத்தில் ஏறுகிற சத்தம் கேட்டது. கடவுளே, கடவுளே என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஐல...சா!"

முனகல்.

"ஐல...சா!"

அதே முனகல். இவர் கேட்டிருப்பார், கேட்டிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "புஸ்" என்று ஒரு மூச்சு. நின்றது. இன்னொரு மூச்சு, அதைவிடச் சின்னது. அப்புறம் ஒன்றுமே இல்லை. அந்தப் பொழுது எவ்வளவு நேரம் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

பிறகு மேஸ்திரி குரல் வந்தது. மூச்சிரைப்பே இல்லாத குரல்.

"அண்ணி வெச்ச கொயம்பு..."

"ஐலசா!"

"ஆறிப் போச்சு..."

"ஐலசா!"

"அண்ணாத்த வவுறு..." இது காதர் பாய்.

"ஐலசா!"

பாடிக்கொண்டே போனார்கள். என் குழம்பில் உப்பு இல்லை என்றார்கள், என் வாய் பூந்தமல்லி வரைக்கும் கேட்கும் என்றார்கள். புடவை கெட்டுப்போகும் என்ற நினைப்புகூட இல்லாமல் கரியின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் காதர் பாய் கரிக் குவியலைச் சுற்றிக்கொண்டு மூச்சு வாங்க ஓடி வந்தார். "தங்கச்சி, பாஸு! மச்சான் பாஸு! துரையே கை குடுத்தாரு!"

"தெரியும் போ பாய்" என்றேன்.

கரி படிந்த ரெண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, ஆண்பிள்ளைகள் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல், வாய்விட்டு அழுதேன். இனிமேல் அவர் ஷவலைத் தூக்க வேண்டாம்.